51 மணி நேரம் தாங்கிய பூட்டு

வீடு கட்டுகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். வாசல் நிலைக்கும் கதவுக்கும் நல்ல தேக்கு தேடி ஊர் ஊராக அலைவார்கள். கஜலட்சுமி செதுக்க ஆசாரிக்குத் தனிக்கூலி. நாள் நட்சத்திரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து நிலை நிறுத்துவார்கள். எல்லாம் முடிந்து, பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் சாயங்காலம்தான் பூட்டு ஞாபகத்துக்கு வரும். "ஏதாவது நல்லதாப் பார்த்து ஒண்ணு வாங்கி மாட்டிடுப்பா" என்று தச்சர் கையில் பணத்தைக் கொடுப்பார்கள். அவர் தனக்குப் பழக்கமான கடையில் தனக்குப் பழக்கமான பூட்டை வாங்கி வந்து மாட்டுவார். அதோடு சரி.

அப்படிக் கட்டிய வீடுகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. பூட்டுகளும் நம்மைப் போலவே தேய்ந்துவிட்டன. சாவியை இரண்டு தடவை ஆட்டி, கதவை முழங்காலால் ஒரு அமுக்கு அமுக்கினால்தான் திரும்புகிறது. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. பேரன் பேத்தியைப் பார்க்கக் கிளம்பினால் வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. பத்திரிகையைத் திறந்தால் "பூட்டிய வீட்டில் திருட்டு" என்ற தலைப்பு இல்லாத வாரம் இல்லை. காலை நடைக்கு வரும் நண்பர்களில் மூன்று பேர் இந்த மாதம் பூட்டு மாற்றுவதைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். மூவரும் கேட்டது ஒரே கேள்வி: "ஆறு லீவர் போதுமா, எட்டு லீவர் வாங்கணுமா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஏறக்குறைய 250 வருஷக் கதை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் பூட்டுக் கடைக்குப் போகலாம்.

நம் வீடுகளில் இருந்த தகர டிரங்குப் பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். அதன் பூட்டுக்கு எந்தச் சாவியைப் போட்டாலும், கொஞ்சம் நெளித்துத் திருப்பினால் திறந்துவிடும். தங்கையின் பெட்டியை அண்ணன் திறந்து கடலை மிட்டாய் எடுத்த கதை எல்லார் வீட்டிலும் உண்டு. காரணம் எளிது. அந்தப் பூட்டுக்குள் சாவியை மறிக்கச் சில தகட்டுத் தடுப்புகள் இருக்கும். அவற்றில் இடிக்காமல் நுழையும்படி சாவியில் வெட்டுகள் இருக்கும். ஒல்லியான ஒரு சாவியோ, வளைத்த ஒரு கம்பியோ எல்லாத் தடுப்புக்கும் நழுவி உள்ளே போய்விடும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மாளிகைகளையும் மாதா கோயில்களையும் காத்த பூட்டுகளும் இந்த ரகம்தான். வெளியே பார்த்தால் கிலோக் கணக்கில் இரும்பு, பூ வேலைப்பாடு. உள்ளே டிரங்குப் பெட்டி.

1778-ல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். பூட்டுக்குள் அசையும் தகடுகளை வைத்தார். இவைதான் லீவர். சாவி ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கொஞ்சம் அதிகமாகத் தூக்கினாலும் திறக்காது. எல்லாத் தகடுகளும் ஒரே நேரத்தில் அந்தந்த இடத்தில் நின்றால்தான் தாழ் நகரும். இன்றைக்குக் கடைக்காரர் "எட்டு லீவர் சார்" என்று சொல்லும்போது, அவர் கையில் இருப்பது பாரனின் யோசனைதான்.

அடுத்து வந்தவர் ஜோசப் பிராமா. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் அமைப்புக்குப் பேட்டன்ட் வாங்கியவர், ஹைட்ராலிக் பிரஸ் என்னும் நீரழுத்தப் பொறியைக் கண்டவர். இவ்வளவும் ஒரே ஆள். இவர் 1784-ல் ஒரு பூட்டுக்குப் பேட்டன்ட் வாங்கினார். சாவி சின்னக் குழல் மாதிரி இருக்கும், நுனியில் வெவ்வேறு ஆழத்தில் வெட்டுகள். லண்டன் பிக்காடிலி வீதியில் இருந்த தன் கடைச் சன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, இதைத் திறக்கும் கருவி செய்கிறவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தார். 200 கினி என்றால் 210 பவுன், அந்தக் காலத்தில் பெரும் பணம். அறுபது வருஷத்துக்கு மேல் அந்தப் பலகை அங்கேயே கிடந்தது, பரிசு போகவில்லை.

இந்தப் பூட்டுகளைச் செய்யத் தேவையான துல்லியமான இயந்திரங்களை அமைத்துக் கொடுத்தவர் ஹென்றி மாட்ஸ்லே. பதினெட்டு வயதில் பிராமாவிடம் வேலைக்குச் சேர்ந்தவர். வாரம் 30 ஷில்லிங் சம்பளம். குடும்பம் பெருகியதும் கூட்டிக் கேட்டார், முதலாளி மறுத்தார், 1797-ல் வெளியேறிவிட்டார். பிறகு இங்கிலாந்தின் தலைசிறந்த இயந்திரக் கர்த்தாக்களில் ஒருவரானார். திருடனைத் தடுக்கத் தெரிந்த பிராமாவுக்கு நல்ல ஆளைத் தக்கவைக்கத் தெரியவில்லை. நாமும் அலுவலகத்தில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்!

1817-ல் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் கள்ளச் சாவி போட்டு ஒரு திருட்டு நடந்தது. சொந்தச் சாவி தவிர வேறு எதாலும் திறக்க முடியாத பூட்டு வேண்டும் என்று அரசாங்கம் போட்டி வைத்தது. அந்த ஊர் இரும்புக்கடைக்காரர் ஜெரமையா சப் 1818-ல் ஒரு பூட்டைக் கொண்டுவந்தார். அதன் விசேஷம், யாராவது கள்ளத்தனமாகத் திறக்கப் பார்த்து ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் பூட்டு அப்படியே இறுகிக்கொள்ளும். சொந்தக்காரர் வந்து தன் சாவியைப் போடும்போது அது உடனே திரும்பாது. யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அதற்குரிய தனிச் சாவியைப் போட்டால் பூட்டு மறுபடி பழைய நிலைக்கு வரும். அப்போது போர்ட்ஸ்மவுத்தில் கைதிக் கப்பலில் ஒரு பூட்டுத் தொழிலாளி இருந்தார். இதைத் திறந்தால் விடுதலை, கூடவே 100 பவுன் என்றார்கள். இரண்டு மூன்று மாதம் போராடிவிட்டு முடியாது என்று கைவிரித்தார். விடுதலைக்காகப் போராடிய ஆளே தோற்றுவிட்டார் என்றால் அதைவிட என்ன நற்சான்று வேண்டும்?

ஆக, 1851 வரை ஆங்கிலேயர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்த வருஷம் லண்டனில் கண்ணாடி மாளிகையில் பெரும் பொருட்காட்சி. உலகெங்கும் இருந்து சரக்குகள் வந்தன. அமெரிக்காவிலிருந்து ஆல்பிரட் ஹாப்ஸ் என்பவர் தன் கம்பெனிப் பூட்டை விற்க வந்தார். வந்தவர் தன் பூட்டின் பெருமையைப் பேசியதோடு நிற்காமல், உங்கள் பூட்டுகளை எல்லாம் நான் திறப்பேன் என்றார். ஜூலை 22-ம் தேதி வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு வீட்டில், சாட்சிகள் பார்த்துக்கொண்டிருக்க, சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். சாவியே இல்லாமல் 7 நிமிடத்தில் திரும்பப் பூட்டியும் காட்டினார். இதில் ரசமான விஷயம் ஒன்று உண்டு. எந்த லீவர் அதிகமாகத் தூக்கப்பட்டது என்று காட்டிக்கொடுக்கும் அந்த ஏற்பாட்டையே அவர் தனக்கு உளவாளியாக வைத்துக்கொண்டார். சொந்தக்காரருக்கு எச்சரிக்கை சொல்ல வைத்த பாகம் திறக்கிறவருக்கு வழி சொன்னது.

பிறகு பிராமாவின் சன்னல் பூட்டு. பதினெட்டு நழுவு தகடுகள் கொண்டது. நடுவர் குழு அமைத்து, ஒரு மாடி அறையில் பூட்டை வைத்துக் கொடுத்தார்கள். ஜூலை 24-ல் ஆரம்பித்து ஆகஸ்டு 23-க்குள், பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்துவிட்டார். தாழின் மேல் லேசாக அழுத்தம் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு தகடாகத் தொட்டுத் தடவி, எது இறுகுகிறது எது தளர்கிறது என்று விரலால் உணர்ந்து போவதுதான் அவர் முறை. இவ்வளவு நேரமும் கருவியும் எந்தத் திருடனுக்குக் கிடைக்கும் என்று பிராமா கம்பெனி வாதிட்டது. அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் 200 கினியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பூட்டு இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

(வேதாரண்யத்தில் அடைத்துக் கிடந்த கோயில் கதவை அப்பர் பெருமான் பதிகம் முழுதும் பாடித் திறந்தார், சம்பந்தர் முதல் பாட்டிலேயே அடைத்துவிட்டார் என்று பெரியபுராணத்தில் படித்திருக்கிறோம். திறப்பது கஷ்டம், அடைப்பது சுலபம். ஹாப்ஸ் விஷயத்திலும் 25-க்கு 7 என்று கணக்கு அப்படியே வருகிறது.)

ஹாப்ஸ் செய்தது சரியா என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. திருடர்களுக்குப் பாடம் நடத்துகிறார் என்று திட்டினார்கள். அவர் கட்சி வேறு: திருடர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும், தெரியாதது பூட்டு வாங்குகிறவர்களுக்குத்தான், ஆகவே அவர்களிடம் உண்மையைச் சொல்வதே நல்லது என்றார். நான் ஹாப்ஸ் பக்கம்தான். பிறகு அவருடைய சொந்தக் கம்பெனிப் பூட்டையும் லைனஸ் யேல் என்ற இன்னொரு அமெரிக்கர் திறந்துகாட்டினார். ஒவ்வொரு தடவையும் பூட்டு முன்னேறியது, அந்த அளவில் லாபம்தான்.

இந்த யேல்தான் 1861-லும் 1865-லும் வாங்கிய பேட்டன்ட்களால் இன்றைய தட்டைச் சாவி சிலிண்டர் பூட்டுக்கு உருவம் கொடுத்தவர். உள்ளே வரிசையாகச் சின்னஞ்சிறு ஊசிகள், சாவியின் மேடு பள்ளம் அவற்றைச் சரியான மட்டத்துக்குத் தூக்கும். அடிப்படை யோசனை பண்டைய எகிப்தியரின் மரப் பூட்டில் இருந்தது. அதை உலோகத்தில், சட்டைப் பைக்குள் அடங்கும் சாவியோடு கொண்டுவந்தது யேல் குடும்பம். யேல் என்ற பெயர் சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல், அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர், அதே குடும்பத்தின் இன்னொரு கிளை. அவருடைய குழந்தையின் கல்லறை உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். அர்தேஷிர் கோத்ரெஜ் பம்பாய்ப் பார்சி. வக்கீலுக்குப் படித்தவர், சான்சிபாரில் ஒரு வழக்கில் பொய் பேச மனம் வராமல் தொழிலை விட்டுத் திரும்பியவர். முதலில் மருத்துவக் கருவிகள் செய்தார். வாங்க வந்த கம்பெனி, இந்தியாவில் செய்தது என்று முத்திரை போடக் கூடாது என்றது. அதையும் விட்டார். பம்பாயில் திருட்டுகள் பெருகியதைப் பத்திரிகையில் படித்துவிட்டு 1897-ல் லால்பாக்கில் ஒரு கொட்டகையில் பூட்டுத் தொழில் தொடங்கினார். அன்று நல்ல பூட்டு என்றால் இங்கிலாந்துப் பூட்டுதான். சுதேசிப் பூட்டை நம்பி ஒருவர் தன் பணப்பெட்டியைப் பூட்டுவது என்பது சாமானியமான விஷயமா? அந்த நம்பிக்கையைச் சம்பாதித்ததுதான் அவருடைய சாதனை என்பேன்.

திண்டுக்கல்லைச் சொல்லாமல் விட்டால் மதுரைப் பக்கத்து வாசகர்கள் கோபித்துக்கொள்வீர்கள். 1980-களில் சில காலம் அங்கே வேலை பார்த்தேன். சில தெருக்களில் நுழைந்தால் காலை முதல் அரம் ராவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து, பித்தளைத் தகட்டைக் கால் விரலால் பிடித்துக்கொண்டு ராவுவார்கள். அளவுகோல் கிடையாது, கண்தான் அளவு. ஒவ்வொரு பூட்டையும் தனித்தனியாகச் செய்வதால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. மாங்காய்ப் பூட்டு, திருப்பும்போது மணி அடிக்கும் மணிப் பூட்டு, வேறு சாவியை நுழைத்தால் அதைக் கவ்விக்கொண்டு விடாத பூட்டு என்று எத்தனையோ வகை. வறண்ட பூமி, விவசாயத்தை நம்ப முடியாது. தோல், சுருட்டு, பூட்டு என்று கைத்தொழிலில் பிழைத்த ஊர். அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த மலிவான பூட்டுகள் வந்து குவிந்தபின் தொழில் தேய்ந்துவிட்டது. ராவுகிற கைக்கு அதற்குரிய கூலி கிடைக்காதபோது மகனை யார் அந்தத் திண்ணையில் உட்கார வைப்பார்கள்? 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டம் வந்தது, பட்டறைகள் குறைந்துவிட்டன. அரிசிக் கிடங்குக்கோ, தோட்டத்து அறைக்கோ, பூஜை அறைக்கோ தொங்குபூட்டு வேண்டுமென்றால் நான் இன்றும் திண்டுக்கல் பூட்டுத்தான் தேடுவேன்.

ஆனால் வாசற்கதவுக்குத் தொங்குபூட்டு வேண்டாம். இது என் தீர்மானமான அபிப்பிராயம். வெளியே தொங்குகிற பூட்டு "வீட்டில் ஆள் இல்லை" என்று எழுதி ஒட்டிய பலகை. எட்டு லீவரோ பத்து லீவரோ, அது மாட்டியிருக்கும் கொண்டியும் நாதாங்கியும் முக்கால் அங்குலத் திருகாணியில் நிற்கின்றன. நம் ஊர்த் திருடர்கள் ஹாப்ஸ் மாதிரி 51 மணி நேரம் உட்கார்ந்து தடவிக்கொண்டிருக்க மாட்டார்கள். கடப்பாரையை நுழைத்து ஒரு நெம்பு. பூட்டு பூட்டியபடியே கீழே விழும். ஆகவே ஆறா எட்டா என்று கேட்ட நண்பர்களுக்கு என் பதில்: முதலில் திருகாணியைப் பாருங்கள்.

கதவோடு பொருத்தும் பூட்டு, பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று தெருவிலிருந்து தெரியாது. கதவின் கனத்துக்குள்ளேயே குடைந்து புதைப்பது ஒரு வகை, உட்புறம் பலகைமேல் பெட்டி போலப் பொருத்துவது இன்னொரு வகை. பழைய தேக்குக் கதவுக்கு முதல் வகை சரி. பிளைவுட் போன்ற மெல்லிய கதவில் குடையும் பள்ளமே கதவின் பலத்தைத் தின்றுவிடும், அங்கே இரண்டாவது வகைதான் நல்லது. எதுவானாலும் தாழ் போய் நுழையும் இரும்புக் கூடு நிலைக்கட்டையில் ஆழமாக இறங்கும் நீளத் திருகாணிகளால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். தச்சர் அவசரத்தில் சின்ன ஆணியைத் தட்டிவிட்டுப் போவது இந்த இடத்தில்தான். பக்கத்தில் நின்று பாருங்கள். நம் பழைய வீடுகளில் இரட்டைக் கதவு. பூட்டு ஒரு கதவில் இருக்கும், அது பிடித்துக்கொள்வது மற்றக் கதவை. அந்த மற்றக் கதவின் மேல் தாழ்ப்பாளும் கீழ்த் தாழ்ப்பாளும் ஆடினால் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய பூட்டும் வீண். சிலிண்டர் பூட்டு என்றால், சிலிண்டர் வெளித்தகட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. பிடித்து முறித்துவிடலாம்.

இனிச் சொல்லப் போவதுதான் நம் வயதுக்காரர்களுக்கு முக்கியம். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். பயந்த சுபாவம். கதவுக்கு நல்ல பூட்டு, அதற்கு மேல் இரண்டு தாழ்ப்பாள், ஒரு சங்கிலி. ஒரு நாள் விடியற்காலை குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. போன் கூடத்தில். வெளியூரில் இருந்த மகன் அழைத்துப் பார்த்து, பதில் இல்லாமல், பக்கத்து வீட்டுக்குச் சொல்ல மணி பதினொன்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டில் மாற்றுச் சாவி இருந்தது! ஆனால் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும்போது சாவியால் என்ன பயன்? தச்சரை அழைத்து வந்து கதவை உடைக்க முக்கால் மணி நேரம். உள்ளேயிருந்து அவர் முனகுவது எல்லாருக்கும் கேட்கிறது, யாரும் போக முடியவில்லை. பிழைத்துக்கொண்டார், இப்போது கைத்தடியோடு நடக்கிறார்.

பாரன் முதல் யேல் வரை எல்லாரும் யோசித்தது வெளியே இருப்பவனை எப்படி நிறுத்துவது என்று. வெளியே இருப்பவர் உதவிக்கு வந்தவராக இருந்தால்? தனியாகவோ தம்பதியாகவோ இருக்கும் முதியவர்கள், உள்ளே கைப்பிடியைத் திருப்பிப் பூட்டவும் வெளியிலிருந்து சாவியால் திறக்கவும் முடிகிற பூட்டை வாங்குங்கள். இரவில் அது ஒன்றே போதும். பழைய தாழ்ப்பாள்களைக் கழற்ற மனம் வரவில்லையென்றால் ஊருக்குப் போகும்போது பின்கட்டுக் கதவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயும் சாவி போட்டே திறக்க வேண்டிய பூட்டு வேண்டாம். புகை சூழ்ந்த நேரத்தில் சாவியைத் தேட முடியாது. உள்பக்கத் துளையில் சாவியைச் செருகியே வைக்கும் வழக்கமும் கூடாது, பல பூட்டுகளில் அப்போது வெளிச்சாவி நுழையாது.

விரல் ரேகைப் பூட்டு பற்றியும் கேட்கிறார்கள். மகன்கள் வாங்கித் தருகிறார்கள், மறுக்க வேண்டாம். ஆனால் வயதானால் ரேகை தேய்ந்து, தோல் உலர்ந்து, இயந்திரத்துக்கு நம்மை அடையாளம் தெரியாமல் போகும். எண் அழுத்தும் வசதியும் சாதாரணச் சாவித் துளையும் சேர்ந்து இருப்பதாக வாங்குங்கள். பாட்டரி தீரும் என்பதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

குடியிருந்தவர் காலி செய்தால் பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை, சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும், செலவு குறைவு. பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்து இறுகிவிடும். பென்சில் கரியைப் பொடித்துச் சாவியில் தடவிப் போட்டாலே வழுவழுவென்று திரும்பும்.

கடைக்குப் போகும்முன் கதவின் கனத்தையும், கதவு இடப்பக்கம் திறக்கிறதா வலப்பக்கமா என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கடைக்காரர் முதலில் கேட்பது அதுதான், அதற்காகவே இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும்.